இரண்டு கல்லூரிகளும் ஒரு கடைவாய்ப் பல்லும்

பல் மருத்துவமனை நாற்காலியில் யார் வந்து சாய்ந்தாலும் அவள் பார்ப்பது காலைத்தான். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். அவள் கருவித் தட்டோடு கால்மாட்டில் நிற்பாள். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் மனிதரால் எதுவும் சொல்ல முடியாது. விளக்கு கூசுவதால் கண்ணையும் மூடிக்கொள்வார். ஆனால் கால் பெருவிரலுக்கு நடிக்கத் தெரியாது. சும்மா கிடக்கிற விரல், பயத்தில் விறைத்த விரல், நிஜமாகவே வலித்து உள்பக்கம் சுருண்டுகொண்ட விரல் என்று அவள் பிரித்துச் சொல்லிவிடுவாள். சொல்வது என்றால் வாயால் இல்லை. விரல் சுருண்டால், இரண்டாவது மருந்து ஊசியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைப்பாள். அதைக் கண்டதும் டாக்டர் கையை நிறுத்திவிடுவார். "இன்னும் கொஞ்சம் மருந்து போட்டுக்கலாம்" என்பார்.

எட்டாவதோடு நின்றது அவள் படிப்பு. முதலில் அந்த மருத்துவமனையில் தரை துடைத்தாள். பிறகு கருவி கழுவினாள். பிறகு தட்டு பிடித்தாள். படித்தவர்கள் முன்னால் நின்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டிய வார்த்தை வரும்போது எதிரில் ஆள் இருக்காது. டாக்டர் அவளைவிட நாலைந்து வயது இளையவர், "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். இத்தனை வருடத்தில் அவரிடமும் இவள் பேசியதைவிடத் தட்டின் ஓரத்தில் வைத்ததுதான் அதிகம்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு வாய் ஓயாது. ஆள் கிடைக்காவிட்டால் லிஃப்டோடு பேசுவார். மனைவிக்கு அவர் வைத்த பெயர் அமுக்குணி. "இவ வாய் மூணாவது மாடியில நின்னுபோன லிஃப்ட் மாதிரி. கீழயும் வராது, மேலயும் போகாது. உள்ள யாரு மாட்டியிருக்காங்கன்னும் தெரியாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒரே மகள். பள்ளி விட்டதும் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியே வளர்ந்தவள். அவளுக்குப் பல் மருத்துவம் படிக்க இரண்டு கல்லூரிகளில் ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது. ஒன்று ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய கல்லூரி. மற்றது நகரத்து நடுவில் இருக்கும் பழைய கல்லூரி. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குப் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரண்டும் போய்விடும்.

மகள் ஒரு பெரிய தாளில் நடுவே கோடு கிழித்து அலமாரிக் கதவில் ஒட்டினாள். இடப்பக்கம் புதுசு, வலப்பக்கம் பழசு. விடுதியில் ரூமுக்கு எத்தனை பேர், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், கேன்டீன் எப்படி, சீனியர் தொல்லை உண்டா, எத்தனை நாற்காலி என்று வரிசையாக எழுதி, விசாரித்து விசாரித்து நிரப்பினாள். 

"ரெண்டு கல்லூரியிலயும் சேர்ந்துடு, டாக்டரம்மா. மேல் பல்லு அங்க, கீழ்ப் பல்லு இங்க" என்றார் அப்பா.

"அப்பா, நான் எவ்வளவு டென்ஷன்ல இருக்கேன், உங்களுக்கு விளையாட்டு."

"சரி, விளையாடலை. அமுக்குணி, நீ சொல்லு. உனக்கு எது?"

"நேர்ல பார்த்துட்டுச் சொல்றேனே" என்றாள் அவள். அந்த வீட்டில் அது நீளமான பேச்சு.

சனிக்கிழமை புதுக் கல்லூரியைப் பெற்றோர்களுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். அம்மாவும் மகளும் போனார்கள். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. ஒரு மாணவி சிரித்த முகமாகக் கூடவே வந்து காட்டினாள். விடுதியில் ரூமுக்கு இரண்டே பேர், ஆளுக்கொரு மேசை, ஜன்னலைத் திறந்தால் மரங்கள். பயிற்சிக் கூடத்தில் ரப்பர்க் கன்னம் வைத்த பொம்மைத் தலைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருந்தன. மகளிடம் டிரில்லைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பல்லைக் குடையச் சொன்னார்கள். குடைந்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பெற்றவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சிகிச்சைக் கூடத்தில் எண்பது நாற்காலி. ஒன்பதில்தான் ஆள். பழக்கதோஷம், அவள் கண் கால்களுக்குப் போனது. ஒன்பது ஜோடிக் கால்களும் நீண்ட பயணத்தில் தூங்குகிறவர்களின் கால்கள் போலத் தளர்ந்து கிடந்தன. ஒரு விரல்கூட விறைக்கவில்லை. மாணவர்கள் வாய்க்குள் கண்ணாடியை விடுவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். ஜன்னலோரம் நீலச் சட்டைக்காரர் ஒருவர், பழுப்புச் செருப்பு, இடது செருப்பின் வார் அறுந்து கயிற்றால் முடிச்சுப் போட்டது. மதியம் மேல்மாடிக் கூடத்துக்குப் போனபோது அங்கே ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் சாய்ந்திருந்தார். சட்டை வேறு. கால் அதே கால், கயிறு அதே முடிச்சு.

கழிப்பறையைத் தேடிப் போன இடத்தில் தவறான கதவைத் திறந்துவிட்டாள். கருவிகளைச் சுத்தம் செய்யும் அறை. அவள் வேலை செய்யும் அறையைப் போலப் பத்து மடங்கு. கருவிகளை நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் ஓர் அலமாரி உயரம் நின்றது. அதன் கதவில் கை வைத்தாள். மதியம் பன்னிரண்டரை மணிக்கு அது சில்லென்று இருந்தது. அடுக்கில் ஒட்டி வைத்த கருவிப் பொட்டலங்களில் தேதி எழுதியிருந்தது. ஆறு வாரத்துக்கு முந்தைய தேதி. ஒரே ஒரு நாற்காலி உள்ள அவர்கள் மருத்துவமனையில் ஒரு பொட்டலம் இரண்டு நாள் தங்காது.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள், திரும்பும் பேருந்தில்.

"சுத்தமா இருக்கு."

"கொள்ளை அழகும்மா! அந்த ரூமைப் பார்த்தியா, அந்த மரம்?"

"பார்த்தேன்."

எண்பது நாற்காலியும் அத்தனை மாடியும் கட்டியவர்களை, ஒரு பெட்டி குளிர்ந்து கிடந்ததை வைத்து எட்டாவது படித்தவள் குறை சொல்வதா? ஒருவேளை விடுமுறையோ என்னவோ. ஒரு செருப்புக் கயிறு போல இன்னொன்று இருக்காதா? இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பழைய கல்லூரி. அங்கே யாரும் சிரித்துக்கொண்டு கூட வரவில்லை. வாசலில் ஏழு மணியிலிருந்து வரிசை. கன்னத்தைப் பிடித்தபடி, துண்டால் தாடையைக் கட்டியபடி, குழந்தையை இழுத்தபடி ஜனம். மாடிப்படிகள் நடு நடுவே தேய்ந்து பள்ளமாக இருந்தன. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் நின்றபடியே ரொட்டியை மென்றுகொண்டு ஓடினார்கள். விடுதியில் ரூமுக்கு நாலு பேர், கட்டிலுக்கு மேல் துணி காயும் கயிறு, ஒழுகும் குழாய்க்கு அடியில் வாளி. மகள் தன் தாளின் வலப்பக்கத்துக்கு மனதுக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் கழித்தல் குறி.

சிகிச்சைக் கூடத்து வாசலில் காவலாளி மறித்தார். "நோயாளிங்க மட்டும்தான். வேடிக்கை பார்க்க விட மாட்டோம்."

மகள் சீனியர் யாரையாவது பிடித்து விசாரிக்கக் கேன்டீன் பக்கம் போனாள். அம்மாவுக்கோ உள்ளே பார்க்காமல் போக மனமில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை அவளுக்கு எட்டு மாதமாக இருந்தது. "ஊருக்கெல்லாம் தட்டு பிடிக்கிறீங்க, உங்க பல்லை எப்ப அடைக்கிறது?" என்று டாக்டர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அவள் போய் வரிசையில் நின்று சீட்டு வாங்கினாள். உள்ளே போனாள்.

எழுபது நாற்காலி. ஒன்றுகூடக் காலியில்லை. எங்கு பார்த்தாலும் விறைத்த விரல்கள், சுருண்ட விரல்கள், ஊசி போட்டபின் மெல்ல நிமிரும் விரல்கள். நம்ம இடம்தான் என்று தோன்றியது அவளுக்கு.

அவளுக்கு வாய்த்தது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கடைசி வருட மாணவி. மகளைவிட நாலு வயது கூட இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கருவளையம். முடித்த ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கையெழுத்து வாங்கிய ஓர் அட்டையைப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதில் ஒரே ஒரு கட்டம்தான் காலி.

"இது கொஞ்சம் ஆழம்மா. மரக்கிற ஊசி போடறேன். பயப்படாதீங்க" என்றாள். போட்டாள். பத்து நிமிடம் கழித்து, "உதடு மரத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

மரக்கவில்லை. சிலருக்கு அந்த இடத்தில் முதல் ஊசி பிடிக்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்?

"ம்" என்றாள்.

மாணவி கூர்முனைக் கருவியால் ஈறில் குத்திப் பார்த்தாள். "இது தெரியுதா?"

"இல்லை."

டிரில் உள்ளே இறங்கியதும் வலி காது வரைக்கும் போனது. "வலிக்குதாம்மா?" என்று மாணவி நிறுத்திக் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வலி எங்கே வெளியே தெரியும் என்று தெரிந்தவள் ஆயிற்றே. கால் விரல்கள் பத்தையும் நேராக நீட்டி, பலகையில் ஆணி அடித்த மாதிரி அசையாமல் வைத்துக்கொண்டாள். மாணவி இரண்டாம் தடவை கேட்டாள், மூன்றாம் தடவையும் கேட்டாள். கேட்கிற ஒவ்வொரு தடவையும் இவள் தலையை ஆட்டினாள்.

ஆனால் கண்ணைக் கட்டிவைக்க முடியவில்லை. நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. மாணவியின் பார்வை பல்லில் இருந்தது. சுற்றி வந்துகொண்டிருந்த பேராசிரியை அதைப் பார்த்துவிட்டார். குள்ளமான அம்மாள், குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்கும்.

"நிறுத்து! உயிரோட இருக்கிற மனுஷிக்குத்தானே பண்றே? மரக்காமலே குடைஞ்சுக்கிட்டிருக்கே. இவங்க கண்ணைப் பார்த்தியா?"

"கேட்டேன் மேடம். மூணு தடவை கேட்டேன். குத்தியும் பார்த்தேன்."

"ஏம்மா, கேட்டாங்களா? நீங்க என்ன சொன்னீங்க?"

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. கேட்டுச்சு, நான்தான் பொய் சொன்னேன். நாலே வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. வாய்க்குள் பஞ்சு வேறு. அவள் கூரையைப் பார்த்தாள். பேராசிரியை பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, "இந்தக் கேஸ் உனக்கு இல்லை. கையுறையைக் கழற்று" என்றார். தானே இன்னோர் ஊசி போட்டு, பல்லைச் சுத்தம் செய்து, தற்காலிக மருந்து வைத்து மூடினார். அதற்குள் கண்ணாடிப் பெண்ணைக் காணவில்லை.

பேருந்தில் மகள் பொரிந்து தள்ளினாள். "வாசல்ல இருந்து எட்டிப் பார்த்தேம்மா. ஒரு அக்காவை எல்லார் முன்னாடியும் கிழி கிழின்னு கிழிச்சாங்க. திட்டின மேடம் முதுகுதான் தெரிஞ்சுது, ஆனா குரல் வாசல் வரைக்கும். அப்புறம் அந்த அக்கா படிக்கட்டுல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தாங்க. ரூம் எப்படி இருந்தாலும் பொறுத்துக்கலாம். இதைப் பொறுத்துக்க முடியாது. புதுசுதான், முடிவு பண்ணிட்டேன்… உனக்கு என்ன, வாய்ல கைக்குட்டை?"

"பல்லைக் காட்டினேன். மருந்து வெச்சாங்க."

மகள் அதற்குமேல் கேட்கவில்லை. எழுபது நாற்காலியில் அது எந்த நாற்காலி என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "யாருக்கா வெச்சது? கச்சிதமா இருக்கே." பழைய கல்லூரியில் என்றாள் அவள். பேச்சுவாக்கில் அவர், "அந்தக் கையெழுத்து அட்டை இருக்கே, அதை நான் இன்னும் மறக்கலை. ஒரு கட்டம் குறைஞ்சா பரீட்சைக்கே விட மாட்டாங்க. ஆறு மாசம் அவ்வளவுதான்" என்றார்.

அவள் கையிலிருந்த தட்டு சரிந்து கருவியெல்லாம் தரையில் கொட்டியது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மகள் புதுக் கல்லூரிக்குப் பதில் எழுதி வைத்து, அப்பாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அனுப்பாதே. நான் சொல்லணும்."

"பார்றா, லிஃப்ட் நகருது" என்றார் கணவர். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

சொன்னாள். குளிர்ந்து கிடந்த ஆட்டோகிளேவ், ஆறு வாரத் தேதி, சட்டை மாற்றிய ஆள். அங்கே படுத்திருந்தவர்கள் நிஜ நோயாளிகள் இல்லை, காட்டுவதற்காகக் கூட்டி வந்த ஆட்கள் என்று தனக்குத் தோன்றியது. அதன் பிறகு அந்த நாற்காலி, மரக்காத உதடு, நேராக நீட்டிய விரல்கள். கோவையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் சுண்டிப்போனது.

"சனிக்கிழமை பார்த்ததை புதன்கிழமை சொல்றே. நான் நாலு நாளா அந்த மரத்தை நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"நிச்சயமாத் தெரியலைடி. நான் என்ன படிச்சிருக்கேன்?"

"பத்தொன்பது வருஷம் அதைத்தானேம்மா படிச்சே?" மகளின் குரல் உடைந்தது. "அதுகூடப் போகட்டும். அந்த அக்கா மூணு தடவை கேட்டிருக்காங்க. காலைக்கூட ஆட்டாம வெச்சிருந்தியா? நாளைக்கு என் முன்னால உன்ன மாதிரி ஒருத்தங்க வந்து படுத்தா நான் என்னம்மா பண்ணுவேன்?"

கணவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் பிடிக்காமலே மூடினார்.

வியாழக்கிழமை காலை இருவரும் பழைய கல்லூரிக்குப் போனார்கள். பேராசிரியையின் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றார்கள். உள்ளே போனதும் மகள் வாயைத் திறக்கப் போனாள். அவள் மகளின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே சொன்னாள்.

"மேடம், செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணு கேட்டுச்சு. மரத்துப்போச்சுன்னு நான் பொய் சொன்னேன். குத்தினப்பவும் பொய் சொன்னேன். அது மேல தப்பில்ல."

பேராசிரியை எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "முப்பது வருஷத்துல இப்படி ஒரு அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. ஏம்மா? எதுக்கு?"

"அது நல்லாப் பண்ணணும்னு…"

"நல்லாப் பண்ண விடாமப் பண்ணிட்டீங்களே." அவர் ஆளனுப்பிக் கண்ணாடிப் பெண்ணை வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னார். "பொய் சொன்னது இவங்க தப்பு. கண்ணுல தண்ணி வழிஞ்சதைப் பார்க்காதது உன் தப்பு. பரீட்சை எழுதறவங்க பட்டியல் நேத்தே போயிடுச்சு. இனிமே என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இந்தப் பல்லை நீயே முடி. அடுத்த பரீட்சைக்குக் கணக்கு வெச்சுக்கறேன்."

மாணவி சரி என்றாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. அப்படிச் சும்மா இருந்ததுதான் பொய் சொன்னவளைக் குத்தியது.

அதே கூடம், வேறு நாற்காலி. இந்தத் தடவை மகளை உள்ளே விட்டார்கள். ஊசி போட்டுக் காத்திருந்து, "மரத்துப்போச்சா?" என்று மாணவி கேட்டாள்.

"பாதிதான்."

இன்னோர் ஊசி. டிரில் இறங்கியபோது லேசாகச் சுருக்கென்றது. "வலிக்குது" என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றாள் மாணவி, கண்ணாடியைப் பின்னங்கையால் ஏற்றிக்கொண்டே. அதன் பிறகு ஒரு வார்த்தை பேசாமல், கை நடுங்காமல், முக்கால் மணி நேரம் வேலை செய்து முடித்தாள்.

போகும்போது மகள் மாணவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, எனக்கு இங்க இடம் கிடைச்சிருக்கு. சேரலாமா?"

"என்கிட்டயா கேட்கறே? இன்னைக்கா?" மாணவி சின்னதாகச் சிரித்தாள். அதில் சிரிப்பே இல்லை. "தூக்கம் வராது. வாரத்துக்கு ஒரு தடவை அழுவே. வேலை கத்துக்குவே. அவ்வளவுதான் தெரியும் எனக்கு." அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அலமாரிக் கதவில் இருந்த தாளைக் கிழித்து எடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை பழைய கல்லூரிக்குப் பதில் அனுப்பினாள்.

"உனக்காக இல்லை. அந்த அக்கா கையைப் பார்த்தேன், அதுக்காக" என்றாள் அம்மாவிடம்.

"சரி" என்றாள் அவள்.

"அந்த மரத்தை நான் விட்டுட்டேன், தெரிஞ்சுக்கோ."

"தெரியும்மா."

மகள் இப்போது நாலாம் வருடம். நாலு பேர் ரூமில்தான் இருக்கிறாள். இளைத்துவிட்டாள். அப்பாவோடு தொலைபேசியில் சிரித்துப் பேசுகிறாள், அம்மாவிடம் "சாப்பிட்டியா?" என்பதோடு வைத்துவிடுகிறாள். கண்ணாடிப் பெண் ஆறு மாதம் பிந்தி எழுதித் தேறினாள் என்று மகள் மூலம் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியாது. புதுக் கல்லூரி இன்னும் நடக்கிறது. அங்கே சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் மகளின் அட்டையில் இரண்டு கட்டம் நிரம்ப வேண்டும், சொத்தைப் பல்லோடு இரண்டு பேர் வேண்டும் என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு மேல் வரிசையில் ஒரு பல் சொத்தையாகி நாலு மாதம் ஆகிறது. மகளுக்கு அது தெரியும். அம்மாவை அவள் கூப்பிடவில்லை. அம்மாவும் வருகிறேன் என்று சொல்லவில்லை.